வேப்பிலை கட்டின படலை

ஊரில் பாதிப் பேருக்கு வட்ஸ்அப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் வருகிற கதைக்கு இது தேவை. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எனக்கு ஒரு சின்னப் போன் கடை இருக்கிறது. ரீலோட் போடுவேன், உடைந்த கண்ணாடி மாற்றுவேன், சார்ஜர் விற்பேன். கனடாவிலும் சுவிஸிலும் பிள்ளைகள் இருக்கிற அம்மாமார் வந்து "தம்பி, அவளின்ரை முகம் தெரியிற மாதிரி இதைச் செய்து தா" என்று போனை நீட்டினால், வைபரோ வட்ஸ்அப்போ போட்டு, கோல் வந்தால் எங்கே தொட வேண்டும் என்று நாலு தரம் காட்டியும் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. மாங்காய் வரும், முருங்கைக்காய் வரும்.

ஊர்க் குரூப்புக்கும் நான்தான் அட்மின். கோயில் திருவிழாக் கணக்கை எல்லாரும் பார்க்கட்டும் என்று தொடங்கிய குரூப் அது. அந்தக் காலத்தில் ஒரு குரூப்பில் 256 பேர்தான் இருக்கலாம், எங்களுடையது எப்போதும் நிரம்பியே கிடக்கும், யாராவது கோபித்துக்கொண்டு வெளியேறினால்தான் அடுத்தவரைச் சேர்க்க முடியும். (கோபிக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் இடமும் வந்துகொண்டே இருந்தது.) பாதிப் பேர் வெளிநாட்டில். நாங்கள் படுக்கிற நேரம் கனடா எழும்பும். காலையில் கண் விழித்தால் எழுபது எண்பது மெசேஜ் குவிந்திருக்கும்.

இலங்கையில் முதல் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டது 2020 ஜனவரி 27. சீனாவில் இருந்து சுற்றுலா வந்த பெண். எங்களுக்கு அது கொழும்புச் செய்தி, வாசித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். மார்ச் நடுவில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆராதனை நடந்தது. அதை நடத்த சுவிஸில் இருந்து வந்த போதகருக்குத் திரும்பிப் போன பிறகு தொற்று உறுதியானது என்று தெரிந்ததும்தான் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. அதுவரை வெளிநாட்டில் இருந்து யாராவது வந்திறங்கினால் சொக்கிளேட்டுக்கும் விசேஷம் கேட்கவும் ஒழுங்கையே அந்த வீட்டுப் படலையில் நிற்கும். ஒரே கிழமையில் "இன்ன வீட்டுக்கு லண்டனில் இருந்து ஆள் வந்திருக்கு, விதானையாருக்குச் சொன்னீங்களோ?" (விதானையார் என்றால் கிராம சேவகர்) என்று குரூப்பில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்டவர் வீட்டுக்கும் மாதாமாதம் லண்டன் காசுதான் வருகிறது.

ஹெலி மெசேஜ் வந்தது அந்த நாட்களில்தான். உங்களுக்கும் வந்திருக்கும். இன்றிரவு ஹெலிகொப்டரில் மருந்து அடிக்கப் போகிறார்கள், யாரும் வெளியில் வர வேண்டாம், காயப்போட்ட உடுப்பை உள்ளே எடுங்கள், கிணற்றை மூடுங்கள். வேறு நாடுகளிலும் இதே மெசேஜ் வேறு வேறு மொழியில் சுற்றியதாகப் பிறகு அறிந்தேன். மற்ற இடங்களில் சனம் கொடியில் கிடந்த சாரத்தை எடுத்து உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருக்கிற ஆச்சிக்குப் பேத்தி அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஆச்சியின் காதில் விழுந்தது மூன்று சொல்: ஹெலி, இரவு, வெளியில் வராதே. எழும்பிப் போய் ஒரு பையில் அடையாள அட்டையையும் மருந்துச் சரையையும் போட்டுக்கொண்டு வாசலில் குந்தியிருந்து, "பங்கர் இல்லையே இப்ப, எங்கை போறது?" என்று கேட்டதாம். பேத்தி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் சனம் எதையும் நம்பும் என்று வெளியில் இருந்து சொல்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வராது, தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். புலிகளின் குரலும் கேட்போம், கொழும்பு வானொலியும் கேட்போம், இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசையும் கேட்போம். மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். அப்பா மூன்றையும் கேட்டுவிட்டு, கை விரலை மடக்கி மடக்கி, "இவன் கூட்டிச் சொல்லுவான், அவன் குறைச்சுச் சொல்லுவான், அப்ப இவ்வளவுதான் இருக்கும்" என்று தன் கணக்கொன்றைச் சொல்லுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். அப்படிச் சல்லடை போட்டுக் கேட்ட சனத்துக்கு வட்ஸ்அப்பில் மட்டும் ஏன் சல்லடை இல்லாமல் போனது? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ரேடியோவில் கதைக்கிறவன் யாரோ ஒருவன். இதை அனுப்புகிறது சித்தி. சித்தி ஏன் பொய் சொல்லப் போகிறா? சித்தியின் குரலிலேயே வந்த மெசேஜுகளில் வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தால் வராது என்றார்கள், மூச்சைப் பத்து விநாடி அடக்க முடிந்தால் உனக்கு இல்லை என்றார்கள், எங்களுக்கு வெயில் இருக்கிறது கிட்ட வராது என்றார்கள். கொத்தமல்லித் தண்ணியால் யாருக்கும் கெடுதல் இல்லை, விடுவோம். மஞ்சளுக்கு மட்டும் தட்டுப்பாடு வந்தது. இறக்குமதியை அரசு நிறுத்தியிருந்த நேரம் பார்த்து எல்லாரும் வாசலுக்கு மஞ்சள் தண்ணி தெளிக்க, கறிக்குப் போட மஞ்சள் இல்லாமல் போய், மன்னார்க் கரையில் கடற்படை மஞ்சள் மூட்டை பிடித்த செய்தி கஞ்சா பிடித்த செய்தி மாதிரி வரத் தொடங்கியது.

ஏப்ரல் 1ஆம் திகதி பொலிஸ் ஓர் அறிவிப்பு விட்டது. சமூக ஊடகத்தில் பொய்ச் செய்தி போடுகிறவர்களும், கொரோனா வேலையில் இருக்கிற அதிகாரிகளைக் குறை சொல்லி எழுதுகிறவர்களும் கைது செய்யப்படுவார்கள் என்று. அன்றோடு எங்கள் குரூப்பில் ஒரு மாற்றம் கண்டேன். நிவாரணம் ஏன் எங்கள் பக்கம் வரவில்லை, 5000 ரூபாய் ஏன் இன்னாருக்குக் கிடைத்து இன்னாருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் கப்சிப். ஆனால் அயலட்டை வதந்தி ஒரு மெசேஜ்கூடக் குறையவில்லை. அதிகாரியைப் பற்றி எழுதினால்தானே பயம், பக்கத்து வீட்டைப் பற்றி எழுதினால் யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்? ஒரு கிழமைக்குள், ஏப்ரல் 7 அன்று, வட்ஸ்அப் நிறுவனமும் ஒரு பூட்டுப் போட்டது. பலதரம் கை மாறிய மெசேஜை இனி ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பலாம். நல்ல யோசனை. எங்கள் ஆட்கள் இரண்டு நாளில் வழி கண்டுபிடித்தார்கள். கொப்பி பண்ணிப் புதிதாக ஒட்டினால் அந்த இரட்டை அம்புக்குறியும் வராது, தானே எழுதியது மாதிரியும் இருக்கும். இந்த வித்தையைக் கடையில் வைத்து இரண்டு பேருக்குக் காட்டியதும் நான்தான். 'இதை எப்படித் தம்பி அனுப்புறது' என்றார்கள், காட்டினேன். என்ன அனுப்புகிறீர்கள் என்று கேட்கவில்லை.

முகாம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்தும் தெற்கில் இருந்தும் வந்தவர்களைத் தனிமைப்படுத்தப் படை முகாம்களைத்தான் எடுத்தார்கள். கேப்பாப்பிலவில், இரணைமடுவில், வவுனியா பம்பைமடுவில். கேப்பாப்பிலவு எங்களுக்கு என்ன இடம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். தங்கள் காணியைப் படையினரிடம் இருந்து கேட்டு 2017இல் தொடங்கி வெயிலிலும் மழையிலும் ரோட்டோரத்தில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்த சனத்தின் ஊர். அந்தப் பக்கம் இரவில் கண்ணாடி மூடிய பஸ் வரிசையாகப் போகும். குரூப்பில் பஸ்ஸை எண்ணுவார்கள். "எங்களை 2009இல் செட்டிகுளத்தில் கம்பி வேலிக்குள் வைத்தார்கள், இப்போது தங்கள் வருத்தக்காரரைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் வைக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினார், நூறு பேருக்குக் கிட்ட கைகூப்பும் படம் போட்டார்கள். அந்தக் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன், நானும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் ஏழு மாதம் தண்ணிக்கு வரிசையில் நின்றவன். ஆனால் பஸ்ஸுக்குள் இருந்தவர்களில் மத்திய கிழக்கில் வேலை போய்த் திரும்பிய எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். அதை யாரும் எழுதவில்லை.

ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்றுக் கொத்தணி வெடித்தது. ஒரு கிழமைக்குள் ஆயிரத்துக்கு மேல் தொற்று. வன்னியில் எத்தனை வீட்டில் கட்டுநாயக்கப் பக்கம் தையல் வேலைக்குப் போன பெண் பிள்ளை இருக்கிறாள் என்று கணக்கெடுத்தால், ஒழுங்கைக்கு ஒன்றாவது வரும். எங்கள் ஒழுங்கையிலும் ஒருத்தி. அவள் வேலை செய்தது அந்தத் தொழிற்சாலையே இல்லை. விடுதியை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரவு பஸ் பிடித்து வந்துவிட்டாள். வந்ததும் தாயே விதானையாருக்குப் போன் எடுத்துச் சொன்னா, அதைக் கவனியுங்கள். மறுநாள் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து, வீட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று படலையில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். முறையான வேலை, அவரில் பிழை இல்லை.

அரை மணித்தியாலத்தில் அந்தப் படலை எங்கள் குரூப்பில் இருந்தது. ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எடுத்த படம், கண்ணாடியில் எடுத்தவனின் முழங்கை தெரிகிறது. நோட்டீஸ், படலைக்குப் பின்னால் செம்பரத்தை, கொடியில் அவளுடைய வேலைத்தளச் சட்டை. ஊர் தெரியும், ஒழுங்கை தெரியும், ஆள் தெரியும். நான் அப்போது கடையில் ஒரு போனைக் கழற்றி வைத்திருந்தேன். படத்தைப் பார்த்தேன். அழித்திருக்கலாம், அட்மின் என்னால் முடியும்... கீழே என்ன எழுதுகிறார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம், மனைவியின் பக்கத்துச் சொந்தங்கள் இருக்கிற இன்னொரு குரூப்பில், 'உறுதிப்படுத்தப்படவில்லை, எதற்கும் கவனமாக இருங்கள்' என்று எழுதி அந்தப் படத்தை நானே போட்டேன். எதற்கும் கவனமாக இருங்கள்! இதைவிட நல்ல பிள்ளை மாதிரி ஒரு வசனம் தமிழில் உண்டா?

பின்னேரம் அது ஒரு பேஸ்புக் பக்கத்தில் 'முல்லைத்தீவில் கொரோனா, மக்கள் பீதி' என்று வந்தது. இரவு ரொறன்ரோவில் இருந்து அந்தப் பெண்ணின் மாமி முறையானவ அதை அவளுடைய தாய்க்கே அனுப்பி, இது உங்கடை படலையோ என்று கேட்டிருக்கிறா. அடுத்த நாள் பால்காரர் அந்த வீட்டில் நிற்கவில்லை. அவர்களுடைய கிணற்றில் வழக்கமாக அள்ளுகிற இரண்டு வீடு வேறு கிணற்றுக்குப் போனது. நான் கடைக்குப் போகும்போது பார்த்தேன், தாய் ஒரு பழைய நூல் சேலையை மடித்துப் படலைக்கு மேல் போட்டிருந்தா, காயப்போட்ட மாதிரி. நோட்டீஸ் மறைந்திருந்தது. பதினாலு நாளும் அந்தச் சேலை காய்ந்துகொண்டே இருந்தது. பரிசோதனையில் பிள்ளைக்குத் தொற்றில்லை என்று வந்தது. அதை யாரும் படம் எடுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை, இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் அழித்தேன், என்ன முகத்தோடு போடுவது.

எங்களுக்கு நோய் வீட்டை அடையாளப்படுத்துவது புதிதில்லை. அம்மாள் வருத்தம் வந்தால் என்ன செய்வோம்? படலையில் வேப்பிலை கட்டுவோம். வேப்பிலையைக் கண்டால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள், தலைக்குத் தண்ணி வார்க்கும் வரை பிள்ளை வெளியில் வராது. நோட்டீஸில் எழுதியிருக்கிற அதே சட்டம்தான். ஆனால் வேப்பிலையை வீட்டுக்காரரே கட்டுவார்கள், பொலிஸ் ஜீப் வந்து கட்டாது. போகிற வருகிறவர்கள் ரோட்டில் நின்று "எத்தினை நாள்?" என்று கேட்டுவிட்டு, இளநீரைப் படலைக் கட்டையில் வைத்துவிட்டுப் போவார்கள். வற்றாப்பளை அம்மனின் ஊர்க்காரர் நாங்கள், அம்மை வந்த வீட்டை அவமானமாகப் பார்க்க யாருக்கும் தோன்றாது, பார்த்தால் அம்மாளே கோபித்துக்கொள்வா என்று பயம் வேறு. அந்த அம்மனின் பொங்கலுக்கே 2020இலும் 2021இலும் வழமையான சனம் போக முடியவில்லை. அந்தப் பொங்கலுக்காகக் காட்டா விநாயகர் கோயிலில் கடல் தண்ணியில் விளக்கு எரிகிறதை நான் போனில் பார்த்தேன், இடையிடையே சுற்றிக்கொண்டு நின்றது.

டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலைப் பாணி வந்தது. காளி அம்மன் சொல்லிக் கொடுத்தது என்று ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்ச, ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்த கதை எல்லாருக்கும் தெரியும். சுகாதார அமைச்சரே அதைக் குடித்தார், ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. எங்கள் குரூப்பில் இதை வைத்து ஒரு கிழமை சிரித்தார்கள், சிங்களச் சனம் எதையும் நம்பும் என்று. சரி. ஹெலி மெசேஜை யார் அனுப்பியது?

இரணைதீவு விஷயத்தில்தான் எனக்குக் குரூப்போடு நேரே மோதல் வந்தது. கொரோனாவில் இறந்தவர்கள் எல்லாரையும் எரித்தே தீர வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டிருந்தார்கள். முஸ்லிம் சனம் கதறியது. இருபது நாள் குழந்தை ஒன்றை எரித்த பிறகு பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும், நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றே இங்கே பிடிவாதம். 2021 பெப்ரவரி கடைசியில் ஒருவழியாக இறங்கி வந்து, மார்ச் 2ஆம் திகதி, இரணைதீவில் புதைக்கலாம் என்றார்கள். பூநகரிப் பக்கத்துத் தீவு, கடற்படை பிடித்து வைத்திருந்து, சனம் 2018இல்தான் தாங்களே வள்ளம் ஏறிப்போய்த் திரும்பவும் குடியிருந்த தீவு. அந்தச் சனம் மறியலில் இறங்கியது. இறங்கத்தான் வேண்டும். எங்களைக் கேளாமல் எங்கள் மண்ணை ஏன் என்பது நியாயமான கேள்வி, முஸ்லிம்களும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் குரூப்பில் அந்த நியாயத்தை யாரும் எழுதவில்லை. 'கிணத்துத் தண்ணியில் கிருமி வரும், மீன் வாங்க முடியாது' என்று எழுதினார்கள். எந்தப் பொய்யைச் சொல்லி அந்தச் சனத்தின் பிணங்களை எரித்தார்களோ அதே பொய். நான் அதை எழுதினேன். எனக்கு இரண்டு பேர் 'நீர் எந்தப் பக்கம்?' என்று கேட்டார்கள். என் கடைக்கு அடுத்த கடை தண்ணீரூற்று முஸ்லிம் நானாவுடையது. 1990இல் புலிகளால் வடக்கில் இருந்து துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணி அனுப்பியிருந்தார். மூன்று நாளில் இரணைதீவுத் திட்டம் கைவிடப்பட்டு ஓட்டமாவடியில் புதைக்கத் தொடங்கினார்கள், குரூப்பும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

மே மாதம் உண்மையாகவே எங்களிடம் வந்தது. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை மூன்று பொலிஸ் பிரிவையும் முடக்கினார்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குச் சரியாக முதல் நாள் தொடங்கி. அதன் சந்தேகம் வேறு கதை, அதை எழுதினால் இந்தப் பதிவு முடியாது. நான் சொல்ல வருவது, அந்த மே மாதம் ஊரில் காய்ச்சல் வராத வீடு குறைவு, சோதிக்கப் போன வீடும் குறைவு. எல்லாருக்கும் 'தடிமன்'. மழையில் நனைந்த தடிமன், பனித் தடிமன், மழையே பெய்யாத கிழமையிலும் மழைத் தடிமன். கடைக்கு வந்து தூர நின்று டேட்டா போடச் சொன்ன ஒருவர் இருமிக்கொண்டே, "பீ.எச்.ஐ.க்குச் சொன்னால் படலையில ஒட்டுவாங்கள், ஒட்டினால் நீங்கள் குரூப்பில போடுவியள்" என்றார். என்னை நேரே பார்த்துச் சொல்லவில்லை. அவர் பிறகு ஒட்சிசன் குறைந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினொரு நாள் கிடந்து தப்பி வந்தார். எல்லாரும் தப்பவில்லை.

ஓகஸ்டில் எனக்கு வந்தது. சூடை மீன் பொரிக்கிற மணம் அடுப்படியில் இருந்து வரவில்லை, போய்ப் பார்த்தால் சட்டியில் மீன் கருகிக்கொண்டிருக்கிறது. மூக்கைச் சட்டிக்கு மேல் கொண்டுபோனேன், சூடு மட்டும் தெரிந்தது. யாருக்குச் சொல்வது என்று யோசித்த முதல் ஐந்து நிமிடம் நான் நினைத்தது வருத்தத்தை இல்லை, என் கடைப் படலையில் நோட்டீஸோடு ஒரு படம் வந்தால் அதற்குக் கீழே யார் யார் என்ன எழுதுவார்கள் என்பதைத்தான். ஒவ்வொருவரின் வசனமும் எனக்குப் பாடம். கடைசியில் பீ.எச்.ஐ.க்கு நானே எடுத்தேன், அவர் அந்த நேரம் நோட்டீஸ் ஒட்டுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தார், வீட்டில் இருங்கள், மூச்சு முட்டினால் உடனே எடுங்கள் என்றார், வைத்துவிட்டார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றா. ஒன்றும் சொல்லாமல் போய் வேம்பில் இரண்டு கொப்பு முறித்துப் படலையில் கட்டினா. "இது அம்மாள் வருத்தம் இல்லையம்மா" என்றேன். "சனத்துக்கு விளங்கும்" என்றா.

மூன்றாம் நாள் படலைக் கட்டையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. இரண்டு செவ்விளநீர், ஒரு போத்தல் பால், பழைய பேப்பரில் சுற்றிய வேர்க்கொம்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண்ணின் தாய் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் முற்றத்தில் இருந்து கை காட்டினேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"என்ன வருத்தமெண்டு நான் கேக்கேல்லை தம்பி," என்றா. "குரூப்பிலயும் போடமாட்டன். போத்தலை மட்டும் கழுவி வை, பால்காரர் கணக்கு வச்சிருக்கிறார்."